எட்டு வேஷம், முப்பது நாய்!

கதையில் எட்டு நாய்கள். படப்பிடிப்பில்? முப்பதுக்கும் மேல்!

அண்டார்டிகாவில் கைவிடப்பட்ட எட்டு நாய்களைப் பற்றி 2006-ல் டிஸ்னி வெளியிட்ட ‘எய்ட் பிலோ’ படத்தின் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது இந்தக் கூட்டம்தான். மாயா, மேக்ஸ், ஓல்ட் ஜாக், ஷார்ட்டி, ட்யூயி, ட்ரூமன், ஷேடோ, பக் என்று நாம் பேர் சொல்லிச் சொல்லிக் கண் கலங்கினோமே, அவர்களுக்குப் பின்னால் ஒரு டூப் பட்டாளமே இருந்திருக்கிறது. குளோசப்புக்கு முகத்தைக் காட்டுகிறவர் ஒருவர், பனிச்சறுக்கு வண்டியை இழுக்கிறவர் இன்னொருவர். மேக்ஸாக வரும் டி.ஜே. புதுமுகமும் இல்லை, 2002-ல் வந்த ‘ஸ்னோ டாக்ஸ்’ படத்திலேயே தலைகாட்டிய சீனியர். பாவம், ‘ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்’ நாயகன் பால் வாக்கர்! இங்கே அவர்தான் துணை நடிகர்.

சரி, நாய் எப்படி அழுகைக் காட்சியில் நடிக்கிறது? நடிப்பதே இல்லை. கேமராவுக்குப் பக்கத்தில் பயிற்சியாளர் நிற்பார். உட்கார், படு, தவழ்ந்து வா, அங்கேயே நில் என்று சைகை காட்டுவார். ஒழுங்காகச் செய்தால் வாய்க்கு ருசியாக ஏதாவது கிடைக்கும். காதை விடைத்துக்கொண்டு, கண் இமைக்காமல் பார்க்கிறதே, அது பெரும்பாலும் அந்தத் தீனிக்காகத்தான்! அதே பார்வைக்கு அடுத்த ஷாட்டில் செத்துக் கிடக்கும் தோழனை ஒட்டினால் சோகம். வானத்தில் நெளியும் துருவ ஒளியை ஒட்டினால் பரவசம். விருது கொடுப்பதாக இருந்தால் பாதியை எடிட்டருக்கு வெட்டிக் கொடுக்க வேண்டும்.

இயக்குநர் ஃபிராங்க் மார்ஷலுக்கு இதெல்லாம் ஜுஜுபி. 1990-ல் ‘அராக்னோஃபோபியா’வுக்காகச் சிலந்திகளை மேய்த்தவர் அல்லவா? சொன்ன பேச்சைக் கேட்கும் ஹஸ்கிகள் அவருக்கு வரமாகவே தெரிந்திருக்கும்.

படத்தில் வரும் அண்டார்டிகாவும் டூப்தான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஸ்மிதர்ஸ் என்ற சிற்றூரைச் சுற்றியே பெரும்பகுதியை எடுத்தார்கள். நிஜ அண்டார்டிகாவுக்கு நாய்களைக் கூட்டிப்போக நினைத்தாலும் முடியாது; அங்கே நாய்களுக்குத் தடை! சீல்களுக்கு நோய் தொற்றிவிடும் என்ற பயத்தில், 1994 ஏப்ரலுக்குள் எல்லா நாய்களும் வெளியேற வேண்டும் என்று நாடுகள் சேர்ந்து முடிவெடுத்திருந்தன. படத்தின் கதை 1993-ல் நடப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா? கெட்டிக்காரர்கள்!

இன்னொரு கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து நான் துள்ளியே விட்டேன். இந்தக் கதைக்கு மூலம் 1983-ல் வந்த ஜப்பானியப் படம். அதற்கு மூலம் உண்மைச் சம்பவம். 1958 பிப்ரவரியில் அண்டார்டிகாவிலுள்ள ஜப்பானின் ஷோவா தளத்துக்கு மாற்றுக் குழு போய்ச் சேர முடியாதபடி மோசமான வானிலையும் பனியும் வழி மறித்தன. சங்கிலியில் கட்டியிருந்த 15 நாய்கள் அப்படியே விடப்பட்டன. 1959 ஜனவரியில் திரும்பிப் போனபோது ஏழு நாய்கள் கட்டிய இடத்திலேயே இறந்து கிடந்தன. தப்பிய எட்டில் ஆறைக் காணவில்லை. உயிரோடு ஓடி வந்தவை இரண்டு, டாரோவும் ஜிரோவும். டிஸ்னி என்ன செய்தது தெரியுமா? அந்த எட்டை வைத்துக்கொண்டு மீதிக் கணக்கைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது. படத்தில் சாவது இரண்டு, பிழைப்பது ஆறு! குழந்தைகளோடு பார்க்கிற படமாயிற்றே, மன்னித்துவிடலாம்.

ஆனால் அதே குழந்தைகளை அலற வைக்கவும் ஓர் ஆளை ஒளித்து வைத்திருக்கிறார்கள். செத்த திமிங்கிலத்தின் உடலுக்குள்ளிருந்து பாய்ந்து வருமே, அந்தச் சிறுத்தை சீல்! அது இயந்திரப் பொம்மையும் கணினி வேலையும் சேர்ந்த உருப்படி என்று வீட்டுப் பொடிசுகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள்.