எழுபது நாடுகளுக்கு விருந்தோம்பல்

நம் பள்ளியின் விளையாட்டுப் போட்டி நாளன்று காலையில் திடலுக்கு வருவோர் முதலில் காண்பவை வண்ணக் கொடிகளும் வெண்ணிறக் கோடுகளுமே. அக்கோடுகளை முந்திய நாள் மாலையில் சுண்ணாம்புத் தூளால் இட்டவர் யார், இரவு மழை அழித்தபின் விடியலில் மீண்டும் இட்டவர் யார் என்று எவரும் வினவுவதில்லை. குடிநீர்த் தொட்டியை நிரப்பியவரும், கூடாரத்திற்குக் கம்பம் நட்டவரும், அண்டைத் தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிவரப் பேருந்துக்கு ஏற்பாடு செய்தவரும் அவ்வாறே மறைந்து நிற்கின்றனர்.

ஒரு பள்ளியின் ஒருநாள் விழாவிற்கே இத்தனை பேர் உழைப்பு வேண்டுமெனில், எழுபது நாடுகளை அழைத்துப் பதினொரு நாட்கள் நடத்தும் விழாவிற்கு எத்தகைய உழைப்பு வேண்டும்? இதற்கு விடை காண நாம் அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. 1998-ஆம் ஆண்டு செப்டம்பர் 11 முதல் 21 வரை நம் தலைநகராகிய கோலாலம்பூரில் 16-ஆவது காமன்வெல்த் விளையாட்டு விழா நடைபெற்றது. ஆசியக் கண்டத்தில் அவ்விழா நடைபெற்றது அதுவே முதன்முறை. மாணவர்களே, அவ்விழாவை உங்கள் பெற்றோரில் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்பர். அரங்கத்தின் உள்ளே நடந்ததை அவர்கள் அறிவர். அதற்கு வெளியே நடந்ததை ஈண்டு காண்போம்.

காலம் வேண்டும்

இவ்விழாவை நடத்தும் உரிமையை நம் நாடு 1992-ஆம் ஆண்டில் பெற்றது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரமும் அவ்வுரிமைக்குப் போட்டியிட்டது. உரிமை கிடைத்த நாளுக்கும் விழா தொடங்கிய நாளுக்கும் இடையே ஆறு ஆண்டுகள் இருந்தன. ஒரு பிள்ளை முதலாம் வகுப்பில் சேர்ந்து ஆறாம் வகுப்பை முடிக்கும் காலம் அது. அதற்குள் நிலத்தைச் செப்பனிட்டு, அரங்கங்களை எழுப்பி, சாலையும் இருப்புப்பாதையும் அமைத்து, நடுவர்களையும் தொண்டர்களையும் பயிற்றுவிக்க வேண்டியிருந்தது.

புக்கிட் ஜாலிலில் தேசிய விளையாட்டரங்கம் கட்டி முடிக்கப்பட்டு 1998-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் திறக்கப்பட்டது. அதே திங்களில் அவ்வழியே இலகு ரயில் ஓடத் தொடங்கியது. இன்று ஸ்ரீ பெட்டாலிங் என வழங்கும் நிலையம், அக்காலத்தில் அவ்விழாவின் நினைவாகக் கொமன்வெல் என்று பெயரிடப்பட்டிருந்தது. செப்பாங்கில் புதிய பன்னாட்டு விமான நிலையம் ஜூன் 27-ஆம் நாள் திறக்கப்பட்டது. தொடக்க நாட்களில் அங்கே பயணப்பெட்டிகள் வந்துசேரத் தாமதமாயிற்று; பயணிகள் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. எனினும் விழாவிற்கு இரண்டு திங்களுக்கு மேல் இருந்தமையால் குறைகளைக் களைய இடம் கிடைத்தது. எப்பணியையும் இறுதி நாளுக்கு ஒத்திவைக்கலாகாது என்பதற்கு இஃது ஒரு பாடம்.

வழி வேண்டும்

விருந்தினர் வந்திறங்கிய விமான நிலையத்திலிருந்து தலைநகர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. போட்டிகளும் ஓரிடத்தில் மட்டும் நடைபெறவில்லை. துப்பாக்கி சுடும் போட்டி லங்காவித் தீவில் நடந்தது. ஆகவே அவ்வீரர்கள் மீண்டும் ஒரு பயணம் மேற்கொண்டனர். குழு விளையாட்டுகள் காமன்வெல்த் விழாவில் இடம்பெற்றதும் இவ்வாண்டில்தான். அவற்றுள் ஒன்றாகிய கிரிக்கெட்டிற்குப் பல திடல்கள் தேவைப்பட்டன. பால்மரத்தைப் பற்றி ஆராயும் இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் திடலும் அவற்றுள் ஒன்று என்பது நம் தோட்டத்து மக்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

கணக்குப் பாடம் எதற்கு என்று கேட்கும் மாணவர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்க்க. ஓர் அரங்கத்தில் 85,000 பேர் கூடியிருப்பதாகக் கொள்வோம். ஒரு ரயிலில் 1,000 பேர் ஏறலாம். நான்கு நிமிடங்களுக்கு ஒரு ரயில் புறப்படும் எனவும் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 15 ரயில்கள். அவற்றில் 15,000 பேர் செல்வர். அவ்வாறாயின் அனைவரும் வீடு திரும்ப ஐந்து மணி நாற்பது நிமிடங்கள் ஆகும்! இரவு பத்து மணிக்கு நிகழ்ச்சி முடிந்தால், கடைசி மனிதர் ரயிலேறும்போது பொழுது விடியும் வேளை நெருங்கிவிடும். எனவேதான் ரயிலை மட்டும் நம்பாமல், பேருந்து, சாலை, நடைபாதை எனக் கூட்டத்தைப் பகிர்ந்தனுப்ப ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே திட்டமிடுகின்றனர்.

உணவும் உறைவிடமும் வேண்டும்

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். நம் இல்லத்திற்குப் பத்து விருந்தினர் வந்தாலே அடுப்படியில் பரபரப்பு மிகும். கோலாலம்பூருக்கு வந்த வீரர்களோ ஏறக்குறைய 3,600 பேர். ஒருவருக்கு மூன்று வேளை உணவெனில் நாளொன்றுக்கு 10,800 தட்டுகள். பதினொரு நாட்களுக்கு 118,800 தட்டுகள். பயிற்றுநரும் அலுவலரும் இக்கணக்கில் சேரவில்லை. அவர்கள் அனைவரும் ஒரே உணவை உண்பவரும் அல்லர். ஒருவர் சமயநெறிப்படி ஓர் உணவை விலக்குவார். ஒருவர் மரக்கறி மட்டும் உண்பார். பளு தூக்குபவருக்கும் நெடுந்தொலைவு நடப்பவருக்கும் வேண்டும் உணவு வேறு வேறாகும். கெட்டுப்போன ஒரு வேளை உணவு, ஒருவரின் பல ஆண்டுப் பயிற்சியை ஒரே நாளில் வீணாக்கிவிடும்.

அவ்வாண்டில் வேறு இடர்களும் இருந்தன. கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பற்றாக்குறை ஏற்பட்டு, வீடுகளுக்குப் பங்கீட்டு முறையில் நீர் வழங்கப்பட்டது. ஆசிய நாடுகளைத் தாக்கிய பொருளாதார நெருக்கடியும் நீடித்தது. விழா தொடங்குவதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்புதான், ஓர் அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என நாணய மதிப்பு நிலைநிறுத்தப்பட்டது. இத்துணை நெருக்கடிக்கு இடையிலும் விருந்தினரை வரவேற்று, விழாவைக் குறித்த நாளில் தொடங்கிக் குறித்த நாளில் முடித்தனர்.

மலேசியா 10 தங்கம் உட்பட 36 பதக்கங்கள் வென்று நான்காம் இடம் பெற்றது. 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் நம்மவராகிய கோ. சரவணன் நான்கு மணி நேரத்திற்கும் மேலாக நடந்து தங்கம் வென்றார். அவர் நடந்த சாலையைக் காத்தவர்களும் வழியில் நீர் தந்தவர்களும் அவ்வெற்றிக்குத் துணை நின்றவர்களே.

விழா முடிந்த பின்

விருந்து முடிந்த வீட்டில் கடன் மட்டும் எஞ்சுமாயின், அவ்விருந்தால் பெருமையில்லை. கனடாவின் மோண்ட்ரியால் நகரம் 1976-ஆம் ஆண்டில் ஒலிம்பிக் விழாவை நடத்தியது. அதன் அரங்கத்திற்காகப் பெற்ற கடன் தீர்ந்தது 2006-ஆம் ஆண்டில்தான். விழாவின்போது பிறந்த குழந்தை முப்பது வயதை எட்டும்வரை அந்நகரத்து மக்கள் அக்கடனைச் சுமந்தனர்.

புக்கிட் ஜாலில் அரங்கம் அவ்வாறு பாழாய்க் கிடக்கவில்லை. 2001, 2017-ஆம் ஆண்டுகளின் தென்கிழக்காசிய விளையாட்டு விழாக்களும் அங்கே நடைபெற்றன. இலகு ரயிலில் மக்கள் நாள்தோறும் வேலைக்குச் செல்கின்றனர்.

எனினும் நாம் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. அரங்கம் எழுந்த அப்பகுதி முன்னர் ஓர் இரப்பர்த் தோட்டம். நம் முன்னோரைப் போன்றோர் விடியற்காலையில் எழுந்து பால்மரம் சீவிய மண் அது. நகரம் வளர்ந்த பின்னர், அத்தோட்டத்தில் எஞ்சியிருந்த குடும்பங்கள் தங்களுக்கெனச் சொந்த வீடு வேண்டிப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தன. அரங்கத்தின் பெருமையைப் பேசுவோர் அக்குடும்பங்களின் கதையையும் சேர்த்துப் பேசுதலே முறையாகும். வந்த விருந்தினரைப் பேணுதல் ஒரு கடமை. வீட்டிலிருந்தோரை மறவாதிருத்தல் மற்றொரு கடமை. இவ்விரண்டும் நிறைவேறினாலன்றி விருந்தோம்பல் முழுமை பெறாது.

இயலாது எனச் சொல்லும் துணிவு

2026-ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விழாவை நடத்த ஒப்புக்கொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், செலவு மிகுதியெனக் கூறி 2023-ஆம் ஆண்டில் விலகியது. அவ்விழாவை ஏற்குமாறு மலேசியாவிற்கு அழைப்பு வந்தது. 10 கோடி பவுண்டு உதவித்தொகையும் அளிக்க முன்வந்தனர். ஆயினும், ஆயத்தம் செய்யக் காலம் போதாது, அத்தொகையும் போதாது எனக் கருதி 2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நம் அரசாங்கம் மறுத்துவிட்டது. பின்னர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம், பத்து விளையாட்டுகளோடு விழாவைச் சுருக்கி, பழைய அரங்கங்களிலேயே நடத்த முன்வந்தது. ஆறாண்டுப் பணியை இரண்டாண்டில் முடிக்க இயலுமா என எண்ணிப் பார்த்து மறுத்ததும் பொறுப்பான செயலே. கடன்பட்டுத் திருமணம் நடத்தித் துன்புற்ற குடும்பங்களை அறிந்த பெற்றோர்களுக்கு இதனை நான் விளக்க வேண்டுவதில்லை.

மாணவச் செல்வங்களே, அடுத்த விளையாட்டுப் போட்டி நாளில் உங்களுள் ஓடி வெல்பவர் சிலராகவே இருப்பர். மற்றையோர்க்கு வேலையில்லை என எண்ணற்க. கோடு இடுவதற்கும், நேரம் குறிப்பதற்கும், வந்தவர்க்கு நீர் வழங்குவதற்கும், இறுதியில் குப்பை அகற்றுவதற்கும் கைகள் வேண்டும். வெற்றி மேடையில் நிற்பவருக்குக் கைதட்டுங்கள். அம்மேடையை அமைத்தவர் எங்கேனும் ஓர் ஓரத்தில் நின்றுகொண்டிருப்பார். அவரிடம் சென்று நன்றி கூறுங்கள்.