அரிவாள் அணு அழியாதது ஏன்?

நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் வடிவ ரத்த அணுக்கள் இருப்பது 1952-இல் பதிவானது. ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதன் விளைவு அது. உயிரைப் பறிக்கும் இந்தப் பிழை ஏன் மறையவில்லை?

தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்தப் பிழையைப் பெற்றவருக்குப் பெரும்பாலும் நோய் வராது. கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் கிடைக்கிறது. ஆன்டனி அலிசன் என்ற ஆய்வாளர் 1954-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் இதைக் காட்டினார். மலேரியாக் கொசு மிகுந்த காடுகளில் இப்படி ஒருவரிடமிருந்து மட்டும் பிழையைப் பெற்றவர்களே அதிகம் பிழைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள். பிழையும் கூடவே வந்தது.

பெற்றோர் இருவரும் இப்படி ஒரு பிரதி பிழையை மட்டும் சுமப்பவர்களானால், பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 4-இல் 1. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி பயமில்லை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். ஒவ்வொரு கருவுக்கும் அதே 4-இல் 1தான். பிழை நம்மிடம் இருக்கிறதா என்பதை ஒரு ரத்தப் பரிசோதனையில் திருமணத்துக்கு முன்பே அறியலாம்.