கூதிர்க் காலமும் கமராவும்

சில ஆண்டுகளுக்கு முன், யப்பானிலே தொழில் புரியும் நம் பழைய மாணவர் ஒருவர், கியோத்தோ நகரத்து இலையுதிர்காலக் காட்சிகளை நிழற்படங்களாக எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். அவற்றை வகுப்பிலே காட்டினேன். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, நம் நாட்டிலே இத்தகைய பருவம் இல்லையே! இங்கே எதைப் படம் எடுப்பது?” என்று வினவினான்.

அன்றைய பாடம் பெரும்பொழுது ஆறு. ‘கூதிர்: ஐப்பசியும் கார்த்திகையும்’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, சாரல் புத்தகங்களை நனைக்காதவாறு சன்னல்களைச் சாத்தியவன் நானே. வெளியே பெய்துகொண்டிருந்தது கூதிர்மழை. பத்துப்பாட்டுள் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகளிலும் இப்பருவத்தையே பின்னணியாகக் கொண்டது. அதனை ஆண்டுதோறும் கற்பித்த நான், கூதிரை மாணவர்க்கு ஒருநாளேனும் காட்டினேனல்லேன். அச்சிறுவனுக்கு விடை கூறுமுகத்தானே இக்கட்டுரை எழுதலாயிற்று.

முதலில் யப்பானை நோக்குவோம். இலையிற் பச்சையத்துடன் மஞ்சள் நிறப்பொருளும் உண்டு. பகற்பொழுது குறுகிக் குளிர் மிகும்போது பச்சையம் சிதைகிறது. மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. மேப்பிள் போன்ற மரங்களிலோ, இலையில் எஞ்சும் வெல்லத்தின் துணையால் செந்நிறம் புதிதாய்த் தோன்றுகிறது. இந்நிற மாற்றம் வடக்கே ஹொக்கைடோ தீவில் செப்டெம்பர் அளவில் தொடங்கிப் படிப்படியாகத் தெற்கே இறங்கி, கியோத்தோவை நவம்பரின் பிற்பகுதியில் அடைகிறது. மேப்பிளும் கிங்கோவும் நிறம் மாறும் நாளை அந்நாட்டு வானிலை நிலையத்தார் ஆண்டுதோறும் பதிந்து வருகின்றனர். மரத்தைப் பார்த்தே பருவத்தை அறிதல் அங்கு இயல்பு.

நமக்கோ அத்தகைய குளிர் இல்லை. நாட்டு வாதுமை மரம் இலை சிவந்து உதிர்ப்பதுண்டு. ஆயினும் கொழும்பிலே பருவத்தை எழுதிக் காட்டும் ஏடு மரமன்று, வானமே. மேயில் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்று செப்டெம்பரோடு தளர்கிறது. வடகீழ்ப் பருவக்காற்று டிசெம்பரில் நிலைகொள்ளும்வரை இடைப்பட்ட காலத்தில் காற்று வலிகுன்றி நிற்கும். காலையில் வானம் தெளிந்திருக்கும். வெயிலால் நிலம் சூடேற, கடற்காற்று உள்ளே புகும். ஈரக்காற்று மேலெழுந்து முகிலாய்த் திரளும். பிற்பகலில் இடியும் மழையும் கொட்டும். ஒக்டோபரில் மாத்திரம் கொழும்பு சராசரியாக 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறுகிறது. ஒரே நாளில் நான்கு வானங்களைக் காணும் பேறு கூதிரில் நமக்கு உண்டு.

இதனைப் படம் எடுப்பது எங்ஙனம்? வெள்ளவத்தைக் கரையில் நிற்போர் யாவரும் மேற்கே மறையும் ஞாயிற்றையே எடுக்கின்றனர். ஒருமுறை கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். கிழக்கே நிலத்தின்மேல் ஓங்கிய மழைமுகிலின் முகத்தில் மாலைக்கதிர் பட்டு, அது செம்பொன் மலைபோல் விளங்கும். பிரகாசமான முகிலை எடுக்கும்போது கமராவோ கைத்தொலைபேசியோ காட்டும் ஒளியளவைச் சற்றுக் குறைத்தல் வேண்டும். அன்றேல் வெண்மையில் முகிலின் மடிப்புகள் மறைந்துபோம். மழைத்தாரை இருண்ட பின்புலத்திலேதான் தெரியும். கொட்டாஞ்சேனைப் பக்கம் செல்வோர், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை மழை விட்டவுடன் காண்க. நனைந்த கல் கருமை மிக்கு, வானத்து ஒளியை ஏந்தி நிற்கும்.

எச்சரிக்கைகளும் உள. குளிரூட்டிய அறையிலிருந்து கமராவை வெளியே கொணர்ந்தால் வில்லையில் ஈரம் படியும். சிறிது நேரம் பொறுத்தல் நன்று. இடி கேட்டவுடன் கடற்கரையை விட்டு நீங்குக. கரையோரத்து இரயிற் பாதையில் நின்று படம் எடுத்தல் எக்காலத்தும் ஆகாது.

நிறம் இல்லையே என வருந்துவோர் கொழும்பிற் பிறந்த லயனல் வென்ட் என்பாரை நினைவு கூர்க. 1944-ல் மறைந்த அக்கலைஞர் கறுப்பு வெள்ளைப் படங்களாலேயே இந்நாட்டின் ஒளியைக் காட்டினார். யப்பானிலேயே மசநாவோ அபே என்னும் அறிஞர், பியூஜி மலைமேல் எழும் முகில்களைப் பல ஆண்டுகள் படமெடுத்து, காற்றின் போக்கை ஆராய்ந்தார். அழகும் அறிவும் ஒரே படத்தில் அடங்குமென்பதற்கு அவர் சான்று. 1978 நவம்பரில், இதே கார்த்திகையிலேதான், மட்டக்களப்பைச் சூறாவளி சூறையாடியது. வானத்தை உற்றுநோக்கப் பழகுதல் வெறும் பொழுதுபோக்கன்று.

வினா எழுப்பிய மாணவன் அடுத்த ஐப்பசியில் வெள்ளவத்தைக் கரையில் ஒரே இடத்தில், நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு, தந்தையாரின் கைத்தொலைபேசியால் நாற்பது படங்கள் எடுத்தான். ஒவ்வொன்றுக்கும் நாளும் நேரமும் குறித்தான். ஒன்றைப்போல் ஒன்று இருக்கவில்லை. அவற்றை யப்பானிலுள்ள அன்பருக்கு அனுப்பினோம். “இருபது ஆண்டுகள் அக்கரையிலே வளர்ந்தேன், இந்த வானத்தை நான் பார்த்ததேயில்லை, ஐயா” என அவர் மறுமொழி எழுதினார்.

நானும் பார்த்ததில்லை. இப்போது கூதிர்ப் பாடம் வரும்போது புத்தகங்களை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டுச் சன்னல்களைத் திறக்கிறேன்.