நோய் இல்லாதவருக்கு மூன்று மாத மாத்திரை

கிழக்கு லண்டனின் நியூஹாம் பகுதி இங்கிலாந்திலேயே காசநோய் மிகுந்த இடங்களில் ஒன்று. இந்தியர்களும் ஈழத்தமிழர்களும் நிறைந்த ஈஸ்ட் ஹாம் அதற்குள்தான் இருக்கிறது. அங்கே புதிதாகக் குடியேறிய இளைஞருக்கு, ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லி மருத்துவரிடமிருந்து கடிதம் வரலாம். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, விசாவுக்கு எடுத்த எக்ஸ்ரேயும் சுத்தம். பிறகு எதற்கு?

அந்த எக்ஸ்ரேயில் தெரிவது நுரையீரலைத் தாக்கத் தொடங்கிவிட்ட நோய். வெள்ளையணுக்கள் சுற்றி வளைத்து அடக்கி வைத்திருக்கும் கிருமி பெரும்பாலும் அதில் தெரியாது. உலக மக்களில் கால்வாசிப் பேருக்கு இந்தத் தொற்று இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவர்களிடமிருந்து யாருக்கும் பரவாது. ஆனால் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு என்றாவது அது நோயாகக் கிளம்பும். நாடு மாறி வந்த முதல் சில ஆண்டுகளில் அந்த ஆபத்து அதிகம்.

அதனால்தான் இங்கிலாந்து 2015-இல் இந்தத் தொற்றைக் கண்டறியும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. காசநோய் மிகுந்த நாடுகளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் வந்த, 16 முதல் 35 வயதுக்காரர்களுக்கானது அது. தொற்றுக்குக் கொடுக்கும் மருந்தால் கல்லீரல் பாதிக்கப்படும் வாய்ப்பு வயதோடு கூடும் என்பது இந்த வயது வரம்புக்கு ஒரு காரணம்.

பழைய தோல் பரிசோதனை, பிசிஜி தடுப்பூசி போட்டவர்களுக்கும் தடிப்பைக் காட்டி ஏமாற்றலாம். இக்ரா என்னும் ரத்தப் பரிசோதனையில் அந்தக் குழப்பம் இல்லை. காசநோய்க் கிருமியின் சில புரதங்களோடு ரத்தத்தைச் சேர்த்து இரவு முழுக்க வைக்கிறார்கள். அந்தக் கிருமியை முன்பே கண்ட வெள்ளையணுக்கள் இன்டர்ஃபெரான் காமா என்னும் பொருளைச் சுரக்கும்; அதுதான் தொற்றின் அடையாளம். பிசிஜியில் அந்தப் புரதங்களே கிடையாது.

தொற்று உறுதியானால் ரிஃபாம்பிசினும் ஐசோனியசிடும் கலந்த மாத்திரை, தினமும், மூன்று மாதம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்துபோய் நிறுத்திவிடுவார்கள். கருத்தடை மாத்திரை பலனிழக்கும் என்பதையும் பெண்களிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

விழுங்கக் கஷ்டமானது மாத்திரை அல்ல, பயம்தான். வேலை போய்விடுமோ, விசா போய்விடுமோ, அறையில் கூட இருப்பவர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்று பலர் பரிசோதனைக்கே போவதில்லை. காசநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் அங்கே எல்லோருக்கும் இலவசம், விசா இருந்தாலும் இல்லாவிட்டாலும். இதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே, அவரவர் மொழியில் எழுத வேண்டும். நோயைத் தேடிப் பிடிக்கிறோம் என்ற தொனி அதில் துளியும் கூடாது.

மாத்திரையை முடித்தவருக்கும், ஊருக்கு வந்துபோகும்போது புதிதாகத் தொற்றலாம். மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் டாக்டரைப் பார்த்து, ஏற்கெனவே இந்தச் சிகிச்சை எடுத்ததையும் சொல்லிவிட வேண்டும்.