கொரோனா வார்டும் செவிலியர் மனச்சோர்வும்

தொற்றுநோய் பரவும் காலத்தில் செவிலியருக்கு வரும் மனச்சோர்வுக்கு நோய்ப் பயத்தை மட்டுமே காரணமாகச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். கெட்டுப்போன தூக்கம், வார்டில் ஆள் போதாமை, பிள்ளைகளைப் பிரிந்திருப்பது, தெருக்காரர்கள் ஒதுக்குவது, ஒப்பந்தம் முடிந்தால் வேலை இருக்குமா என்ற கவலை எல்லாம் சேர்ந்துதான் ஒருவரைக் கீழே தள்ளுகின்றன. இதில் பெரும்பகுதி வேலை அமைந்திருக்கும் விதத்தால் வருவது. 2020லும் 2021லும் கடலூர் மாவட்டம் கடந்துவந்த கொரோனாக் காலத்தைக் கவனித்தால் இது தெளிவாகப் புரியும்.

2020 ஏப்ரல் இறுதிவரை அந்த மாவட்டத்தில் தொற்று கட்டுக்குள்தான் இருந்தது. மே முதல் வாரத்தில் நிலைமை மாறியது. தொற்று பரவிய சென்னை கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கியவர்களும் கடைகளில் வேலை பார்த்தவர்களும் கிடைத்த வண்டியில் ஏறி ஊர் திரும்பினார்கள். மே 4 அன்று ஒரே நாளில் கடலூர் மாவட்டத்தில் 122 பேருக்குத் தொற்று உறுதியானது. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையும், சிதம்பரம் அண்ணாமலைநகரில் உள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் கொரோனா நோயாளிகளை ஏற்றன.

பேரிடர் என்பது இந்த மாவட்டத்துச் செவிலியருக்குப் புதிதல்ல. 2004இல் சுனாமி, 2011 டிசம்பரில் தானே புயல், 2015இல் பெருவெள்ளம் என்று அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் புயல் ஓரிரவில் அடித்துவிட்டுப் போய்விடும். மறுநாளிலிருந்து செய்வதெல்லாம் மீட்பு வேலை. கொள்ளைநோய்க்கு அப்படி ஒரு மறுநாள் கிடையாது. அலை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. புயலை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. தொற்றை நாமே கொண்டுபோய் வீட்டில் வைத்துவிடுவோமோ என்ற அச்சம் பணி முடிந்து திரும்பும் ஒவ்வொரு நாளும் கூடவே வரும்.

கொரோனா வார்டின் ஒரு பணிநேரத்தை எடுத்துக்கொள்வோம். பிபிஇ கிட் எனப்படும் கவச உடை, என்95 முகக்கவசம், கண்ணாடி, முகத்திரை, இரட்டைக் கையுறை எல்லாம் மாட்டி முடிக்கவே நேரம் பிடிக்கும். ஒருமுறை போட்டுவிட்டால் பணி முடியும்வரை கழற்றுவது கடினம். அதனால் பலர் பணிக்கு முன்பே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். மாதவிலக்கு நாட்களில் பட்ட அவதி தனி. கடற்கரை மாவட்டத்தின் மே மாதப் புழுக்கத்தில் உடைக்குள் வியர்வை ஓடும், கண்ணாடியில் ஆவி படரும், ஊசி போட நரம்பு தேடுவதே சிரமம். யார் எந்தச் செவிலியர் என்று நோயாளிக்கு அடையாளம் தெரியாது என்பதால் உடையின் முதுகிலோ மார்பிலோ பேனாவால் பெயர் எழுதிக்கொண்டார்கள். சாதாரண நாட்களில் நோயாளியின் அருகில் இருந்து ஊட்டிவிடவும், துடைத்துவிடவும், புரட்டிப் படுக்க வைக்கவும் உறவினர் ஒருவர் இருப்பார். கொரோனா வார்டில் அவர் இல்லை. அந்த வேலையும் செவிலியர் மேல் விழுந்தது. வீட்டாரிடம் கைபேசியில் முகம் காட்டிப் பேச வைப்பதும், கடைசியில் இறப்புச் செய்தியைச் சொல்வதும்கூட அவர்கள் பொறுப்பானது.

இந்திய நர்சிங் கவுன்சிலின் வரையறைப்படி, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர், கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒருவர் இருக்க வேண்டும். தொற்று இல்லாத நாட்களிலேயே இந்தக் கணக்கு பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் எட்டாக்கனி. 2021 மே மாதம் இரண்டாம் அலை உச்சத்தில் தமிழகத்தின் ஒருநாள் தொற்று 36,000ஐத் தாண்டியபோது அந்த இடைவெளி இன்னும் அகன்றது. ஆக்சிஜன் படுக்கைக்காக வெளியே ஆட்கள் காத்திருக்க, உள்ளே யாரை முதலில் கவனிப்பது என்ற கேள்வியோடு இரவுப் பணி கழியும். செய்ய வேண்டியது தெரிந்தும் செய்ய முடியாமல் போவதால் ஏற்படும் குற்ற உணர்வை உளவியலார் அறக்காயம் என்கிறார்கள். மனச்சோர்வுக்கு இட்டுச்செல்லும் பாதைகளில் இது முக்கியமானது. ‘இன்னும் கொஞ்சம் முன்னே பார்த்திருந்தா அவரைக் காப்பாத்தியிருக்கலாமே’ என்ற நினைப்பு வாரக்கணக்கில் தொடரும்.

எல்லா வருத்தமும் மனச்சோர்வு நோய் ஆகிவிடாது. ஒரு நோயாளி இறந்தால் இரண்டு நாள் அழுகை வருவது இயல்பு. குறைந்தது இரண்டு வாரமாவது நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்தே இருப்பது, முன்பு பிடித்திருந்த எதிலும் ஈடுபாடு இல்லாமல் போவது ஆகிய இரண்டில் ஒன்று இருந்து, அதோடு தூக்கக் கேடு, பசியில் மாற்றம், அசதி, தன்மேல் வெறுப்பு, கவனம் சிதறல், சாவைப் பற்றிய நினைப்பு போன்றவையும் சேர்ந்தால்தான் மருத்துவர்கள் அதை நோயாகக் கருதுவார்கள். இதைச் சலித்தெடுக்கப் பரவலாகப் பயன்படும் கேள்வித்தாள் பிஎச்கியூ-9. ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதற்கு ஒரு மதிப்பெண் வந்தாலும் மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் உடனே கவனிக்க வேண்டும். நம் ஊரில் இந்த நோய் பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் பேசும். தலைவலி, முதுகுவலி, ‘எப்பப் பார்த்தாலும் டயர்டா இருக்கு’ என்ற பேச்சு. இரவுப் பணி பார்ப்பவர் இதைச் சொன்னால் கேட்பவரும் நைட் டூட்டிதான் காரணம் என்று விட்டுவிடுவார். சொல்பவரும் அப்படியே நம்பிவிடுவார்.

உலக அளவில் இதற்குப் போதுமான சான்று உண்டு. 2020 தொடக்கத்தில் சீனாவின் 34 மருத்துவமனைகளில் 1,257 பணியாளர்களிடம் நடந்த ஆய்வில் பாதிப் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன. ஆய்வில் பங்கேற்றவர்களில் பெரும்பான்மையோர் செவிலியர்கள். பெண்கள், செவிலியர்கள், வூஹான் நகரில் வேலை பார்த்தவர்கள், நோயாளியை நேரடியாகக் கவனித்தவர்கள் ஆகியோரிடம் அறிகுறிகள் கடுமையாக இருந்தன. அறிகுறி இருப்பதும் நோய் உறுதியாவதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். 2003இல் கனடாவின் டொரண்டோவில் சார்ஸ் பரவி அடங்கி ஓராண்டுக்கும் மேல் ஆன பிறகு அங்கே ஆராய்ந்தார்கள். சார்ஸ் நோயாளிகளைக் கவனித்த மருத்துவமனைகளின் பணியாளர்களிடம் மனக்களைப்பும் உளைச்சலும் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருந்தன. வார்டு காலியானதும் மனமும் சரியாகிவிடும் என்ற கணக்கு தப்பு என்பதற்கு இது சாட்சி.

ஒதுக்கி வைத்தலின் கொடுமையைத் தமிழகம் கண்ணெதிரே பார்த்தது. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கும்பல் தாக்கியது. சில நாட்களில் 1897ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தை மத்திய அரசு திருத்தி, மருத்துவப் பணியாளர்களைத் தாக்கிப் பலத்த காயம் ஏற்படுத்தினால் ஏழாண்டு வரை சிறை என்று அறிவித்தது. சட்டம் தாக்குதலைத் தடுக்கலாம். ஆனால் மாடிப்படியில் ஒதுங்கி நிற்கும் பக்கத்து வீட்டுக்காரரையும், குழாயடியில் முகம் கொடுக்காதவர்களையும் எந்தச் சட்டத்தால் மாற்ற முடியும்? தனிமைப்படுத்தலின்போது சொந்தப் பிள்ளையையே தூர நின்று பார்த்த தாய்க்கு இந்த ஒதுக்கல் இன்னொரு அடி.

பிறகு வேலை நிரந்தரம். 2021 மே மாதம் தமிழக அரசு மூன்று மாதப் பணிக்காகச் செவிலியர்களுக்குத் தலா 20,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது, 1,212 ஒப்பந்தச் செவிலியர்களை நிரந்தரமாக்கியது. அதே கொரோனாக் காலத்தில் மாதம் 14,000 ரூபாய்க்குத் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டவர்களின் கதை வேறு. 2022 டிசம்பர் 31 அன்று, 2,400க்கும் மேற்பட்டவர்களின் பணி ஒரே உத்தரவில் முடிவுக்கு வந்தது. மாநிலமெங்கும் போராட்டம் நடந்தது. வீட்டு வாசலில் விளக்கேற்றி, கைதட்டி வாழ்த்தப்பட்டவர்கள் மூன்றாண்டுக்குள் தெருவில் உட்கார்ந்து வேலை கேட்டது, மனநலத்தைப் பேசும் எந்தக் கட்டுரையிலும் விட்டுவிடக் கூடாத செய்தி.

உதவி என்று வரும்போது நிர்வாகங்கள் முதலில் நினைப்பது யோகா வகுப்பு, மனவலிமைப் பயிற்சி, ஒருமணி நேரச் சொற்பொழிவு. கெடுதல் இல்லை, ஆனால் பெரிய பலன் உண்டு என்பதற்கும் ஆதாரம் இல்லை. தொற்றுக்காலப் பணியாளருக்கான மனநல உதவிகளைப் பற்றி 2020 நவம்பரில் வந்த கோக்ரேன் தொகுப்பாய்வு 16 ஆய்வுகளை அலசிவிட்டு, எது பலன் தரும் என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதவில்லை என்றது. அதிர்ச்சியான சம்பவம் நடந்த உடனே எல்லோரையும் உட்கார வைத்து ஒரே அமர்வில் பேசவைப்பதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. மாறாக, போதிய கவச உடை, முன்கூட்டியே தெரியும் பணிப்பட்டியல், தொடர் இரவுப் பணிக்குப் பிறகு உண்மையான ஓய்வு, சாப்பாடும் தங்குமிடமும், மேலதிகாரியிடமிருந்து ஒளிவுமறைவற்ற தகவல் ஆகியவைதான் களத்தில் இருந்தவர்கள் கேட்டவை.

சிகிச்சை தேவைப்படுபவருக்கு இன்னொரு தடை உண்டு. மனநலப் பிரிவு அதே மருத்துவமனையிலேயே இருக்கும். ஆனால் ஓபி சீட்டு எழுதுபவரும் தெரிந்தவர், வரிசையில் நிற்பவரும் தெரிந்தவர், மாத்திரை கொடுக்கும் மருந்தாளுநரும் தெரிந்தவர். சாயங்காலத்துக்குள் வார்டு முழுக்கச் செய்தி பரவிவிடும். ஆகவே பணியாளருக்கென்று வேறு நேரமோ வேறு இடமோ ஒதுக்குவது, செலவில்லாத, உடனே செய்யக்கூடிய மாற்றம். பெயர் வெளியே வராமல் பேச விரும்புவோர், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.