மின்னஞ்சலுக்கு ஒரு பிள்ளையார் சுழி

ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர் கேட்கிறார்: “கூகுள் டேக்அவுட் மூலம் என் ஜிமெயில் முழுவதையும் இறக்கினேன். பல ஜிபி அளவில் ஒரே கோப்பு வந்தது. பெயரின் கடைசியில் ‘எம்பாக்ஸ்’ என்று இருக்கிறது. திறக்க முடியவில்லை. ஒவ்வொரு கடிதத்தையும் தனிக் கோப்பாக எடுக்க முடியுமா? இதற்கென்று விலைக்கு மென்பொருள் விற்கிறார்களே, வாங்கலாமா?”

முடியும். வாங்க வேண்டாம். பதில் இவ்வளவுதான். ஆனால் அந்தக் கோப்புக்குள் நடக்கும் கூத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

எம்பாக்ஸ் கோப்பில் ரகசியம் ஒன்றும் கிடையாது. பூட்டு இல்லை, சுருக்கம் இல்லை. வெறும் எழுத்துகள். கடிதங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நீளமாக ஓடுகின்றன. இணைப்பாக வந்த கல்யாணப் பத்திரிகைப் படம்கூட பேஸ்64 முறையில் எழுத்துகளாக மாறி அதே ஓட்டத்தில்தான் கிடக்கிறது. ஆகவே பிரிப்பவருக்கு உள்ள கேள்வி ஒன்றே ஒன்று: ஒரு கடிதம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது?

ஒரு தாத்தா தனக்கு வந்த கடிதங்களை எல்லாம் ஒரே நீள நோட்டில் பிரதி எடுத்து வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கடிதத்துக்கும் முன்னால் தனி வரியில் ஒரு பிள்ளையார் சுழி போடுகிறார். பிற்பாடு பேரன் அவற்றைத் தனித்தாள்களில் எழுதும்போது, ‘உ’ கண்ணில் பட்டால் புதுத்தாள் எடுக்கிறான். எம்பாக்ஸின் சுழி, வரியின் தொடக்கத்தில் வரும் ‘ஃப்ரம்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதை அடுத்து வரும் ஓர் இடைவெளியும்தான். அதன் பின்னால் ஒரு முகவரியும் தேதியும் இருக்கும். நாம் கடிதத்தில் பார்க்கும், முக்காற்புள்ளி வைத்த ‘ஃப்ரம்:’ வேறு, இது வேறு.

இப்போது பழைய காலத்து மனிதர் ஒருவர் தாத்தாவுக்கு மளிகைப் பட்டியல் அனுப்புகிறார். வரிசை எண் போடுவது தமிழ் எண்களில். ‘௧’ துவரம் பருப்பு. அடுத்த வரியில் ‘௨’. பார்ப்பதற்கு அச்சு அசல் பிள்ளையார் சுழி! பேரன் அங்கே வெட்டிவிடுகிறான். துவரம் பருப்பு ஒரு கடிதத்திலும், உளுத்தம் பருப்பு தலைப்பும் தேதியும் இல்லாத இன்னொரு கடிதத்திலும் போய்ச் சேர்கின்றன. “ஃப்ரம் மண்டே...” என்று ஆங்கிலத்தில் ஒரு வரியைத் தொடங்கினால் எம்பாக்ஸில் நடப்பதும் இதுவே.

தாத்தா ஓர் உபாயம் செய்கிறார். கடிதத்துக்குள்ளே வரும் ‘௨’ ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு புள்ளி. எம்பாக்ஸில் அந்தப் புள்ளியின் இடத்தில் ‘>’ என்ற குறி நிற்கும். பிரிக்கும்போது அதை அழித்துவிட்டால் சரி. ஆனால் பட்டியல் எழுதியவரே ‘௨’க்கு முன்னால் புள்ளி வைக்கும் பழக்கம் உள்ளவர் என்றால்? எந்தப் புள்ளி அவருடையது, எந்தப் புள்ளி தாத்தாவுடையது என்று பேரனுக்கு எப்படித் தெரியும்? அழித்தாலும் பிழை, விட்டாலும் பிழை. மின்னஞ்சலில் இந்தச் சிக்கல் இன்னும் மோசம். பதில் எழுதும்போது பழைய வரிகளை எடுத்துக்காட்டவும் இதே ‘>’ குறிதான் வழக்கம்.

இதற்கான தீர்வு 1995இல் வந்தது. ராகுல் தேசி என்ற நிரலாளரின் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை ‘எம்பாக்ஸ்ஆர்டி’ என்கிறார்கள். புள்ளி இல்லாத ‘௨’க்கு ஒரு புள்ளி வை, ஏற்கெனவே புள்ளி உள்ளதற்கும் இன்னொன்று சேர். பிரிக்கும்போது எல்லாவற்றிலிருந்தும் ஒன்றே ஒன்றை நீக்கு. அவ்வளவுதான்! மூன்று புள்ளி நான்காகி மறுபடி மூன்றாகும். தாத்தாவின் நோட்டை அவர் தம்பி பிரதி எடுத்து, அதை அவர் மருமகன் பிரதி எடுத்திருந்தாலும் கவலை இல்லை. சேர்த்த கைகள் எத்தனையோ, நீக்கும் கைகளும் அத்தனை இருந்தால் பருப்புப் பட்டியல் எழுதியபடியே திரும்பக் கிடைக்கும். ஒரு வரி விதியில் இவ்வளவு நேர்த்தி.

ஆனால் கையில் உள்ள கோப்பு எந்த விதிப்படி எழுதப்பட்டது என்று அதன்மேல் எங்கும் எழுதியிருக்காது. பைத்தான் மொழியோடு இலவசமாக வரும் ‘மெயில்பாக்ஸ்’ நிரல்கூட, எழுதும்போது ‘>’ குறியைச் சேர்க்கும், படிக்கும்போது நீக்காது. ஒரு குறிதானே என்று விட முடியுமா? இன்று பல மின்னஞ்சல்களில் டிகேஐஎம் என்ற மின்கையொப்பம் இருக்கிறது. கையொப்பத்துக்குப் பின் கடிதத்தின் உடலில் ஓர் எழுத்து கூடினாலும் அது செல்லாது.

வரலாறு கேட்பவர்களுக்கு: எம்பாக்ஸ் ஏற்பாடு 1970களின் யூனிக்ஸ் காலத்தது. கோப்பின் கடைசியில் ஒட்டுவது எளிது என்பதால் பிழைத்து நின்றது. ஒரே நேரத்தில் இரண்டு நிரல்கள் எழுதினால் கோப்பு கெடும் என்பதால், 1990களில் டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற நிரலாளர் கடிதத்துக்கு ஒரு கோப்பு என்ற ‘மெயில்டிர்’ முறையைக் கொண்டுவந்தார். எம்பாக்ஸுக்கு முறையான ஆவணம் 2005இல்தான் வந்தது.

தமிழில் எழுதுபவர்களுக்குச் சுழித் தொல்லை அநேகமாக இல்லை. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ‘அ’ மூன்று பைட். தமிழ்க் கடிதம் பெரும்பாலும் பேஸ்64ஆக மாறித்தான் போகும்; அதில் ‘அ’ நான்கு குறிகளாகும். பேஸ்64இல் இடைவெளிக்கே இடம் இல்லாததால் போலிச் சுழி அதற்குள் முளைக்க வழியில்லை. நமக்கு வேறொரு வம்பு காத்திருக்கிறது. பிரித்த கோப்புக்குக் கடிதத்தின் தலைப்பையே பெயராக வைக்கும் நிரல்கள் உண்டு. லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் வரம்பு. ‘கொ’ என்ற ஓர் எழுத்துக்கே ஆறு பைட் போய்விடும். நீளமான தமிழ்த் தலைப்பு பாதியில் வெட்டுப்படும். தேதியும் வரிசை எண்ணும் கொண்ட பெயரே பாதுகாப்பு.

தனித்தனியாகப் பிரிப்பதில் பயன் உண்டா? உண்டு. அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானின் ஊழியர்கள் சுமார் 150 பேரின் மின்னஞ்சல்களை அமெரிக்க எரிசக்தி ஒழுங்காற்று ஆணையம் வெளியிட்டது. கார்னகி மெலன் பல்கலைக்கழகம் அவற்றைக் கடிதத்துக்கு ஒரு கோப்பாகவே, ஏறத்தாழ ஐந்து லட்சம் கோப்புகளாக வழங்குகிறது. வேண்டிய ஒரு கடிதத்தை மட்டும் எடுக்க, சேமிக்க, சான்றாகக் காட்ட இதுவே வசதி. ஆனால் லட்சம் சிறு கோப்புகளை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துப் பாருங்கள். ஒற்றைக் கோப்பின் அருமை அப்போது புரியும்.

“செயற்கை நுண்ணறிவால் மாற்றித் தருகிறோம்” என்ற விளம்பரங்களைச் சட்டைசெய்யாதீர்கள். சுழியைத் தேடி வெட்டுவதற்கு நுண்ணறிவு தேவையில்லை, ஒழுங்கு தேவை. தண்டர்பேர்டு என்ற இலவச மின்னஞ்சல் நிரலும், அதில் சேர்க்கும் ‘இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி’ என்ற இலவசத் துணைநிரலும் போதும். எல்லாவற்றையும் கடிதத்துக்கு ஒன்றாக ‘இஎம்எல்’ கோப்புகளில் வெளியே எடுத்துவிடலாம். எடுத்த பிறகு கடித எண்ணிக்கையும் கோப்பு எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அனுப்பியவர் பெயரோ தேதியோ இல்லாத கோப்பு இருந்தால், அது தவறாக வெட்டுப்பட்ட பருப்புப் பட்டியல்.

முன்பின் தெரியாத இணையதளத்தில் அந்தக் கோப்பை ஏற்றவே ஏற்றாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கும் மருத்துவ அறிக்கையும் அதற்குள்தான் இருக்கின்றன. பிரித்து முடித்தபின் மூல எம்பாக்ஸை அழிக்கவும் வேண்டாம். பிழை கண்டால் மறுபடி பிரிக்க அது ஒன்றுதான் ஆதாரம்.