காற்றழுத்தமும் பல்லுறையும்

சிதைந்த பல்லைச் செதுக்கி, அதன்மேல் உலோகத்தாலோ பீங்கானாலோ ஆன மூடியொன்றைப் பசையிட்டுப் பொருத்துவர் பல் மருத்துவர். மக்கள் இதனைக் 'கேப்' என்றும் 'கிரௌன்' என்றும் வழங்குவர். 'முடி' எனப் பெயர்த்தால் மயிரென மயங்க இடமுண்டு. ஆதலின் அதன் தொழிலைச் சுட்டும் 'பல்லுறை' என்னும் சொல்லை இங்கு ஆள்வோம். வானில் பறப்போருக்கும் கடலில் மூழ்குவோருக்கும் சுற்றியுள்ள அழுத்தம் மாறுகின்றது. அம்மாற்றம் பல்லுறையின் உறுதியைக் குலைக்குமா?

முதலில் அழுத்தத்தின் அளவை அறிவோம். கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுரச் சென்டிமீட்டர்மீதும் ஏறத்தாழ 1 கிலோகிராம் எடையளவு காற்று அழுத்துகின்றது. 164 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமா உச்சியில் இது நூற்றுக்கு 2 பங்கே குறையும். பயணிகள் விமானத்தின் உள்ளே ஏறக்குறைய முக்கால் பங்காகக் குறையும். கடலிலோ, ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு முழு வளிமண்டல அழுத்தம் கூடுகின்றது. தூத்துக்குடியில் முத்துக் குளித்தோர் ஆழத்தைப் 'பாகம்' என்று அளந்தனர். ஒரு பாகம் சுமார் ஆறடி. பத்துப் பாகம் இறங்கியவர் தரையிலுள்ளதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தத்தைத் தாங்கினார்.

இவ்வழுத்தம் உறையை நசுக்குமோ என அஞ்ச வேண்டியதில்லை. அது எல்லாப் பக்கமும் சமமாகத் தாக்குவது; உலோகமும் பீங்கானும் அதற்கு இளகுவன அல்ல. இடர் இருப்பது உறைக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பசையில். தூளையும் நீர்மத்தையும் குழைத்துச் செய்யும் பசையில் நுண்ணிய காற்றுக்குமிழிகள் சிக்கிக்கொள்ளும். அழுத்தம் கூடினால் காற்று சுருங்கும், குறைந்தால் விரியும். இது 1662-இல் பாயில் வெளியிட்ட விதி. மூழ்கி எழுந்தோறும் அழுத்தம் இங்ஙனம் மாறி மாறித் தாக்குவதால், பசையில் நுண்பிளவுகள் தோன்ற இடமுண்டாகின்றது.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லையன்ஸ், ராடா, ஹூட் ஆகிய மூவர் இதனைச் சோதித்து, முடிவை 1999-இல் வெளியிட்டனர். பிடுங்கிய பற்களில் மூவகைப் பசையால் உறைகளைப் பொருத்தி, 3 வளிமண்டலம் வரை அழுத்தத்தை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கினர். துத்தநாகப் பாஸ்பேட், கண்ணாடி அயனோமர் ஆகிய பசைகளின் பிடிப்பு குறைந்தது. நீர்மக் கசிவும் தோன்றியது. பிசின்வகைப் பசையின் பிடிப்போ குறையவில்லை. ஆகவே, தளர்வது உறையின் வலிமையன்று, பசையின் பிடிப்பே என்பது தெளிவு.

நமக்கு இதனால் யாது பயன்? செம்பவாங்கில் கடற்படையின் மூழ்குவீரர் பிரிவு உள்ளது. அதற்கு அண்மையிலுள்ள நம் மார்சிலிங் போன்ற இடங்களிலிருந்து விடுமுறையில் தியோமன் தீவுக்குச் சென்று மூழ்கும் இளைஞரும் உளர். மூச்சுக்குழலின் வாய்ப்பகுதியை அவர்கள் பற்களாற் கவ்வியே சுவாசிக்கின்றனர். நீருக்கடியில் உறை கழன்றால் தொண்டைக்குள்ளோ மூச்சுக்குழாய்க்குள்ளோ செல்லக்கூடும். கழலாமல் கசிந்தாலும், உறையின் கீழே பல் மறைவாகச் சொத்தையாகும். எனவே, உறை பொருத்துமுன் "நான் கடலில் மூழ்குபவன்" என மருத்துவரிடம் கூறல் வேண்டும். பழைய உறையுள்ளோர் மூழ்குமுன் அதன் பிடிப்பைச் சோதித்துக்கொள்வது நன்று.

விமானப் பயணிகள் கவலையுற வேண்டா. அங்கு நேரும் மாற்றம் 20 மீட்டர் ஆழத்தில் நேர்வதில் எட்டில் ஒரு பங்கே. பறக்கையில் பல் வலித்தால், அது பெரும்பாலும் மறைந்திருக்கும் சொத்தையையோ, அழற்சியையோ, பழுதுற்ற பல்லடைப்பையோ காட்டும். மேற்கடைவாய்ப் பற்களில் தோன்றும் வலி, மூக்கையொட்டிய எலும்பறைகளிலிருந்தும் வரலாம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் விளக்கலாம். ஊசியில்லாத மருந்துக் குழாயில் சிறிது சவர்க்கார நுரையை இட்டு, நுனியை விரலால் அடைத்துத் தண்டை இழுக்கச் செய்யுங்கள். நுரை பொங்குவதைக் கண்ட மாணவன், பசைக்குள் சிக்கிய குமிழி செய்யும் வேலையைத் தானே உணர்ந்துகொள்வான்.